தேன் அபிஷேகமும் தேன்கூடும்

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையில் குடியிருக்கிறாள் கமலக்கன்னி அம்மன். இப்படிப்பட்ட பாறைச் சரிவுகள்தான் மலைத்தேனீக்களுக்கும் பிடித்த இடம். ஊர் வளர வளர, மாடி வீட்டு சன்ஷேடும் தண்ணீர்த் தொட்டியும்கூட அவற்றுக்குப் பாறையாகவே தெரிகின்றன!

வீட்டில் கூடு கட்டிவிட்டால், 'மகாலட்சுமி வந்திருக்கிறாள்' என்பார் ஒருவர். 'தோஷம், உடனே எடுத்துவிடு' என்பார் இன்னொருவர். கைக்குழந்தையும் வயதான மாமியாரும் இருக்கும் வீட்டில், இல்லத்தரசிக்கு வரும் பயம் நியாயமானதே. பல தேனீக்கள் சேர்ந்து கொட்டினால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் இரவோடு இரவாகப் பந்தம் கொளுத்தி, கூட்டையே எரித்துவிடுகிறார்கள். இது பாவமா? குடும்பத்தைக் காப்பதும் தர்மம்தானே?

செஞ்சிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது திருநாதர்குன்று. 24 தீர்த்தங்கரர்களை ஒரே பாறையில் செதுக்கியிருக்கும் சமணத் தலம். சமண நெறியில் தேனையே விலக்குவார்கள். கூட்டைப் பிழியும்போது உயிர்கள் மாளும் என்பதே காரணம். நாமோ சுவாமிக்குத் தேனால் அபிஷேகம் செய்கிறோம். ஒரு தேக்கரண்டித் தேன், ஏறக்குறைய 12 தேனீக்களின் வாழ்நாள் உழைப்பு என்பார்கள். அதை வாங்கிக்கொள்ளும் நமக்குத்தானே கடன் அதிகம்?

ஸ்ரீசைலத்தில் அம்பாளின் திருநாமம் பிரமராம்பிகை. இரண்டு கால், நான்கு கால் உயிர்களால் மரணமில்லை என்று வரம் வாங்கிய அருணாசுரனை, ஆறு கால் வண்டுக் கூட்டத்தை ஏவி அழித்தவள் அவள். திருவாரூர் அருகே திருக்கண்ணமங்கையில், தாயார் சந்நிதியில் இருக்கும் தேன்கூட்டையும் பக்தர்கள் வணங்குகிறார்கள். தேவர்களே தேனீ வடிவில் பெருமாளை தரிசிப்பதாக ஐதீகம்.

'அப்படியானால் கூட்டைத் தொடவே கூடாதா?' என்று கேட்கலாம். விலக்குவது வேறு, அழிப்பது வேறு. நம் பயம் தீர வேண்டியது இடைவெளி. அதற்கு அவற்றின் உயிர் எதற்கு?

சுவர்ப் பொந்தில் வாழும் அடுக்குத் தேனீயை, தேனீ வளர்ப்பவர்கள் ராணியோடு சேர்த்து மரப்பெட்டிக்கு மாற்றிவிடுவார்கள். மலைத்தேனீ பெட்டியில் தங்காது. ஆனால், பருவம் மாறினால் தானே இடம்பெயர்ந்துவிடும். எட்டாத உயரத்தில் இருந்தால், அதுவரை ஜன்னலைச் சாத்தி, இரவில் அந்தப் பக்க விளக்கை அணைத்துப் பொறுத்திருக்கலாம். காத்திருக்கவே முடியாத இடமென்றால், பழகியவர்களை அழைத்து, இதமாகப் புகை காட்டி விலகச் செய்யலாம். அப்போதும் கூட்டிலுள்ள குஞ்சுகள் மடிந்துபோகும் என்பதால், அது கடைசி வழியாகவே இருக்கட்டும். நாமே கல்லெறியவோ கொளுத்தவோ கூடாது. ஒரு தேனீ கொட்டினால், அந்த வாசனையே மற்றவற்றையும் அழைத்து வந்துவிடும். தேனீ வளர்ப்பவர்களைப் பற்றி, செஞ்சிப் பகுதியினர் திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம்.

இதற்குச் சற்றே கூடுதல் செலவாகும். சில நாட்கள் பொறுமையும் வேண்டும். அந்தப் பொறுமையும் ஒரு விரதம்தான். அடுத்த வெள்ளிக்கிழமை அம்மனுக்குத் தேன் எடுத்துச் செல்லும்போது, 'நம் வீட்டுக்கு வந்த உயிர்கள் எங்கோ நலமாக இருக்கின்றன' என்ற நிறைவும் உடன் வரட்டும். பிரமராம்பிகையின் திருவுள்ளம் குளிரும்!