விலையின்றிப் பெற்றவை

விலை கொடுத்து வாங்கும் பொருளை நாம் எண்ணிப் பார்க்கிறோம். சந்தையில் கத்தரிக்காய் வாங்கும்போது அதைப் புரட்டிப் பார்க்கிறோம். எடை சரியா என்று கவனிக்கிறோம். அண்டை வீட்டார் கொல்லையில் காய்த்த முருங்கைக்காயைக் கொண்டுவந்து தந்தால் காயைப் பற்றி அதிகம் எண்ணுவதில்லை, தந்தவரை எண்ணுகிறோம். ஆனால், விலையும் கேளாமல் முகமும் காட்டாமல் ஒரு பொருள் நம் கைக்கு வந்து சேருமானால் என்ன நிகழ்கிறது? பொருளையும் எண்ணுவதில்லை, தந்தவரையும் எண்ணுவதில்லை. அது தானே முளைத்தது போலக் கருதி எடுத்துக்கொள்கிறோம். விலையின்றிப் பெற்றவன் எவருக்கேனும் கடன்பட்டவனா? கடன்பட்டவன் எனில், அந்தக் கடனை எவ்வாறு தீர்ப்பது? இதுவே இங்கு நாம் சிந்திக்க விழையும் கேள்வி.

இக்கேள்வியை வெறும் தத்துவமாக அன்றி, அண்மை வரலாற்றின் ஒரு நிகழ்வைக் கொண்டு ஆராய்வது நலம். இணையம் குழந்தைப் பருவத்தில் இருந்த காலத்தில், சிரிப்பும் செய்தியும் சித்திரமும் திடீரென்று விலையற்ற பொருள்களாயின. ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வு மையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேய அறிஞர் 1989-ஆம் ஆண்டில் முன்மொழிந்த திட்டமே உலகளாவிய வலையாக உருவெடுத்தது. 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 30 அன்று செர்ன் அந்த மென்பொருளை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று பொதுவுடைமையாக்கியது. அதே ஆண்டில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவான மொசைக் என்னும் உலாவி, எழுத்தையும் படத்தையும் ஒரே பக்கத்தில் காட்டியது. வாயிற்காவலரும் நுழைவுச் சீட்டும் இல்லாத ஒரு பெரிய நூலகத்தின் கதவு அவ்வாறு திறந்தது.

அந்நூலகத்தில் முதலில் இடம்பிடித்தவற்றுள் சிரிப்பும் ஒன்று. 1993-ஆம் ஆண்டு செப்டம்பரில் டேவிட் ஃபார்லி என்பவர் 'டாக்டர் ஃபன்' என்னும் ஒற்றைச் சட்டகக் கேலிச்சித்திரங்களை வலையில் வெளியிடத் தொடங்கினார். 2006 வரை அப்பணியைத் தொடர்ந்தார். வலை பிறப்பதற்கு முன்பே, கணினிகளுக்கிடையே செய்தி பரிமாறிய யூஸ்நெட் அமைப்பில், பிராட் டெம்பிள்டன் 1987-இல் ஒரு நகைச்சுவைக் குழுவைத் தொடங்கியிருந்தார். பலர் அனுப்பும் துணுக்குகளைத் தெரிந்தெடுத்து அவர் வெளியிட்டார். நாளேடுகளும் பின்தொடர்ந்தன. கலிபோர்னியாவின் 'பாலோ ஆல்டோ வீக்லி' 1994 ஜனவரியில் வலைக்கு வந்தது. இலண்டனின் 'டெலிகிராஃப்' அதே ஆண்டு நவம்பரில் வந்தது. சென்னையின் 'தி இந்து' 1995-இல் வந்தது. 'டில்பர்ட்' போன்ற புகழ்பெற்ற படத்தொடர்களும் 1995 முதல் வலையில் விலையின்றிக் கிடைத்தன.

இவையெல்லாம் அற்பமான செய்திகள்தாமே, சிரிப்புத் துணுக்குகளுக்கு அறவியல் ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் வினவலாம். திருச்சபையின் மறைவல்லுநர் அவ்வாறு கருதவில்லை. புனித தாமஸ் அக்குவினாஸ் தம் 'இறையியல் தொகுப்பு' என்னும் பெருநூலில், அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி, விளையாட்டுக்கும் நகைச்சுவைக்கும் உரிய ஒரு நற்பண்பு உண்டு என்று நிறுவுகிறார். உழைத்த உடலுக்கு ஓய்வு தேவைப்படுவது போல, உழைத்த உள்ளத்துக்கு நகை தேவை என்பது அவர் கருத்து. அதற்கு மூன்று வரம்புகளையும் வகுக்கிறார்: சிரிப்பு இழிவானதாகவோ பிறரைப் புண்படுத்துவதாகவோ இருத்தலாகாது, உள்ளத்தின் நிறைநிலையைக் குலைத்தலாகாது, ஆளுக்கும் காலத்துக்கும் இடத்துக்கும் பொருந்த வேண்டும்.

இவ்வரம்புகள் ஏட்டளவில் நிற்பவை அல்ல என்பதற்கு டெம்பிள்டனின் குழுவே சான்று. 1988-ஆம் ஆண்டின் இறுதியில், யூதரையும் ஸ்காட்லாந்தியரையும் பற்றிய ஒரு துணுக்கு அதில் வெளியாயிற்று. அது ஓர் இனத்தாரை இழிவுபடுத்துகிறது என்று முறையீடு எழுந்தது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் அக்குழுவைத் தன் கணினிகளில் தடை செய்தது. அடுத்த ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் தடை விதித்தபோது, கணினி அறிஞர் ஜான் மெக்கார்த்தி அதனை எதிர்த்தார். தடை பின்னர் நீக்கப்பட்டது. யார் பக்கம் நீதி என்று தீர்ப்பளிப்பது இங்கு நம் நோக்கமன்று. ஒன்றை மட்டும் குறித்துக்கொள்வோம். ஓர் அறைக்குள் நண்பர் நால்வரிடையே சொல்லப்படும் துணுக்கு, கேட்பவர் முகத்தைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும். விலையின்றி உலகெங்கும் பரவும் துணுக்குக்கு எதிரே முகமே இல்லை. ஆளும் காலமும் இடமும் அறியாத சிரிப்பு, சொன்னவன் கருதாத இடத்திலும் காயம் செய்யக்கூடும்.

இனி, விலையின்மை என்பதையே சற்றுக் கூர்ந்து நோக்குவோம். விலையில்லாத பொருள்கள் யாவும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல. அவற்றுள் குறைந்தது மூன்று வகை உண்டு.

முதல் வகை கொடை. கொடுப்பவர் மனமுவந்து கொடுக்கிறார். பெறுபவரிடமிருந்து எதையும் எதிர்பார்ப்பதில்லை. செர்ன் மையம் தன் மென்பொருளை உலகுக்கு அளித்தது இத்தகையது. இலத்தீன் மொழியில் விலையின்மையைக் குறிக்கும் 'கிராத்திஸ்' என்னும் சொல்லும், இறையருளைக் குறிக்கும் 'கிராத்சியா' என்னும் சொல்லும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை; நன்றியைக் குறிப்பதற்கும் அம்மொழியில் அதே 'கிராத்சியா' வழங்குகிறது. விலையின்மை, அருள், நன்றி ஆகிய மூன்றையும் ஒரே குடும்பமாகக் கண்ட மொழி அது. விலையின்றிப் பெறுவதற்கு மறுமொழி நன்றியே என்பதை அச்சொற்களே சொல்லிவிடுகின்றன.

இரண்டாம் வகை தூண்டில் இரை. இரைக்கு மீன் விலை கொடுப்பதில்லை. ஆயினும் இரையை இலவசம் என்று எவரும் சொல்வதில்லை. இது இணையத்தோடு தோன்றிய வழக்கமன்று. 1833-இல் நியூயார்க்கில் பெஞ்சமின் டே 'தி சன்' நாளேட்டைத் தொடங்கினார். ஏனைய ஏடுகள் ஆறு சென்டுக்கு விற்ற காலத்தில் அவர் ஒரு சென்டுக்கு விற்றார். இழப்பை விளம்பரதாரர்கள் ஈடு செய்தனர். அன்று முதல் வாசகன் ஒரே நேரத்தில் வாங்குபவனாகவும் விற்கப்படுபவனாகவும் ஆனான். 1994 அக்டோபரில் 'ஹாட்வயர்டு' என்னும் வலை இதழ் தன் பக்கங்களின் மேல் விளம்பரப் பட்டைகளை ஏற்றியபோது அதே வழக்கம் வலைக்குள் குடியேறியது. தகவல் பெருகப் பெருக மனிதனின் கவனம் அருகிப்போகும் என்று ஹெர்பர்ட் சைமன் என்னும் அறிஞர் 1971-லேயே சுட்டிக் காட்டினார். அருகிப்போனதற்கு விலை ஏறுவது சந்தையின் இயல்பு. இங்கு நாம் கொடுக்கும் விலை பணமன்று. நம் வாழ்நாளின் மணித்துளிகள்.

மூன்றாம் வகை பறிமுதல். 1988-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் மாணவர் இருவர் தொடங்கிய 'தி ஆனியன்' என்னும் அங்கத ஏடு, 1995-இல் பாஸ்னியப் போரை ஒட்டி ஒரு நையாண்டிச் செய்தி வெளியிட்டது. உயிரெழுத்துகள் அருகிய பெயர்களைக் கொண்ட அந்நாட்டு ஊர்களுக்கு அதிபர் கிளிண்டன் உயிரெழுத்துகளை அனுப்பிவைக்கிறார் என்பது அதன் கற்பனை. மின்னஞ்சல் வழியே அது வெகுவாகப் பரவியது. ஆனால், எழுதிய ஏட்டின் பெயர் உதிர்ந்துபோயிற்று. பலர் சிரித்தனர், யார் தந்த சிரிப்பு என்று எவரும் கேட்கவில்லை. 1996-இல் அவ்வேடு தனக்கென ஒரு வலைத்தளம் அமைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். உழைப்பின் கூலியை மறுப்பது அநீதி என்பதை எளிதில் ஒப்புக்கொள்கிறோம். உழைப்பாளியின் பெயரைக் கிள்ளி எறிவதும் அநீதியே என்பதை ஏனோ எண்ணத் தவறுகிறோம்.

இங்கே ஓர் எதிர்வாதம் எழலாம். கொடுத்தவர் எதையும் கேட்கவில்லை. கேளாத கடனை நான் ஏன் தீர்க்க வேண்டும்? கொடைக்கு ஈடு செய்ய முயல்வது கொடையையே வணிகமாக்காதா? இவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. கடன் இருவகைப்படும் என்று அக்குவினாஸ் இதற்கு வழி காட்டுகிறார். சட்டம் வற்புறுத்தும் கடன் ஒன்று. அன்பும் நேர்மையும் வற்புறுத்தும் கடன் மற்றொன்று. நன்றி இரண்டாம் வகையைச் சார்ந்தது. எந்த நீதிமன்றமும் அதை வசூலிக்க இயலாது. ஆனால், அதை மறந்தவன் மனிதத்தன்மையில் குறைபடுகிறான். நன்றிக்கு மூன்று படிகளையும் அவர் வரிசைப்படுத்துகிறார்: நன்மை பெற்றதை உணர்தல், அதை வாயால் அறிவித்து நன்றி கூறுதல், தன் ஆற்றலுக்கு ஏற்ப உரிய காலத்தில் ஈடு செய்தல். நன்றியின்மையும் இம்மூன்று படிகளில் கீழிறங்கும். ஈடு செய்யாமை முதற்குறை. நன்மையை வாய்திறந்து சொல்லாமை அடுத்த குறை. பெற்றதையே உணராமை எல்லாவற்றினும் கொடியது. வள்ளுவப் பெருந்தகை செய்ந்நன்றி அறிதலுக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியதும், ஆண்டவர் இயேசு நலமாக்கிய பத்துத் தொழுநோயாளருள் திரும்பி வந்தவர் ஒருவரே என்று நற்செய்தியாளர் லூக்கா எழுதிவைத்ததும் இதே உண்மையைச் சுட்டுகின்றன.

உணராமையின் விளைவு தனிமனிதரோடு நின்றுவிடுவதில்லை. அமெரிக்க நாளேடுகளின் விளம்பர வருவாய் 2005-ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 4,900 கோடி டாலராக இருந்தது. 2020-இல் 1,000 கோடிக்கும் கீழே இறங்கிற்று. சிறு விளம்பரங்கள் விலையற்ற தளங்களுக்குச் சென்றன. பெரு விளம்பரங்கள் தேடுபொறிகளுக்கும் சமூக ஊடகங்களுக்கும் சென்றன. டென்வர் நகரின் 'ராக்கி மவுண்டன் நியூஸ்' 2009 பிப்ரவரி 27 அன்று நின்றுபோயிற்று. 150-ஆம் ஆண்டு நிறைவுக்கு அதற்கு இரண்டு மாதங்கள்கூட எஞ்சியிருக்கவில்லை. ஓர் ஏடு மூடப்படும்போது சித்திரக்காரரும் செய்தியாளரும் வேலை இழப்பது மட்டுமா நிகழ்கிறது? நகராட்சிக் கூட்டத்தின் கடைசி வரிசையில் அமர்ந்து குறிப்பெடுக்க ஆள் இல்லாமற்போகிறது. அங்கே ஏழையின் நிலத்துக்கு என்ன முடிவாயிற்று என்பதை ஊருக்குச் சொல்ல நாவின்றிப் போகிறது.

அவ்வாறாயின் எல்லாவற்றுக்கும் விலை குறித்துவிடலாமா? அதுவும் தீர்வன்று. விலை என்னும் மதில் எழும்போது முதலில் வெளியே நிற்பவர் ஏழை. பொய்ச் செய்தி விலையின்றித் திரியும் உலகில் மெய்ச் செய்திக்கு மட்டும் கட்டணம் என்றால், ஏழைக்குப் பொய்யே உணவாகும். ஆகவே, திறந்த கதவு மூடப்படலாகாது. கதவைத் தாங்கும் நிலையும் சாயலாகாது. இவ்விரண்டையும் இணைக்கும் வழி உண்டா?

உண்டு. அவ்வழி நமக்குப் புதியதுமன்று. இறையருளைக் காசு கொடுத்து வாங்க முயன்ற சீமோனைத் திருத்தூதர் பேதுரு கடிந்துகொண்டார் என்பதைத் திருத்தூதர் பணிகள் நூலில் படிக்கிறோம். அருளடையாளங்கள் விற்பனைக்குரியவை அல்ல. ஆயினும், நற்செய்தி அறிவிப்பவர் நற்செய்தியால் வாழ உரிமை உடையவர் என்பதைப் புனித பவுல் கொரிந்தியர்க்கு விளக்குகிறார். திருப்பலிக்கு வருவோரிடம் வாயிலில் எவரும் கட்டணம் கேட்பதில்லை. இயன்றோர் காணிக்கை இடுகின்றனர். இயலாதோர் வெறுங்கையோடு வந்து நிறைந்த உள்ளத்தோடு செல்கின்றனர். இருப்பவர் தாங்குகிறார், இல்லாதவரும் பெறுகிறார். இலண்டனின் 'கார்டியன்' நாளேடு தன் வலைத்தளத்துக்குக் கட்டண மதில் எழுப்பாமல் வாசகரின் விருப்பக் கொடையை நாடியதும், படைப்பாளிகளை வாசகர்கள் நேரே தாங்கும் 'பேட்ரியான்' போன்ற ஏற்பாடுகள் 2013 முதல் தோன்றியதும் உலகியல் தளத்தில் இதே வழியின் சாயல்களே.

எல்லாராலும் பணம் தர இயலாது. ஆனால், நன்றியின் முதல் இரு படிகளுக்குப் பணமே வேண்டியதில்லை. பங்கு மக்களின் வாட்ஸ்அப் குழுக்களில் நாள்தோறும் வந்து குவியும் சித்திரங்களையும் சிந்தனைகளையும் மறையுரைக் குறிப்புகளையும் எண்ணிப் பாருங்கள். அவற்றுள் எத்தனைக்கு எழுதியவர் பெயர் உண்டு? ஓவியர் மூலையில் இட்ட கையொப்பத்தைக் கத்தரித்துவிட்டு அனுப்புகிறோம். ஒரு துறவி இரவு விழித்து எழுதிய சிந்தனையைப் 'படித்ததில் பிடித்தது' என்று தலைப்பிட்டு முடித்துவிடுகிறோம். பெயரை நீக்காமல் அனுப்புவதற்கு ஒரு காசும் செலவாகாது. பெயர் தெரியாவிடில் யார் எழுதியது என்று ஒருமுறை கேட்பதற்கும் செலவில்லை. கேட்கும் அந்தக் கணத்திலேயே, பொருளுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதை உள்ளம் ஒப்புக்கொள்கிறது. இயன்றவர்கள் அதற்குமேல் ஒரு படி ஏறி, தாம் நாள்தோறும் பயன்கொள்ளும் ஓர் ஏட்டுக்கேனும் ஓர் எழுத்தாளருக்கேனும் ஆண்டுக்கொரு முறை தாங்குதல் அளிக்கலாம்.

காற்றும் மழையும் கதிரொளியும் நமக்கு விலையின்றியே கிடைக்கின்றன. உயிரும் அவ்வாறே கிடைத்தது. அவற்றுக்கு ஈடு செய்யும் வல்லமை எவருக்கும் இல்லை. ஆதலாலேயே உணவுக்கு முன் ஒரு கணம் கைகுவிக்கிறோம். தந்தவர் ஒருவர் உண்டு என்பதை நினைவில் நிறுத்தும் பழக்கம் அது. உணவு மேசையில் பழகிய அந்த நினைவு, முகமறியாத ஒருவர் தந்த சிரிப்பின் முன்னும் நமக்கு வாய்க்கட்டும்.