பத்ருக்குப் போகாத உஸ்மான் (ரலி): நோயுற்ற பெண்களும் நமது கடமையும்

 



ஹிஜ்ரி 2, ரமலான் மாதம். ஸஹாபாக்கள் பத்ருக்குப் புறப்படுகிறார்கள். உஸ்மான் (ரலி) அவர்கள் மதீனாவிலேயே தங்குகிறார்கள். அவர்களுடைய மனைவி, நபி (ஸல்) அவர்களின் மகளார் ருகையா (ரலி) அவர்கள் கடும் நோயில் படுத்திருந்தார்கள். மனைவியின் அருகில் இருக்கும்படி நபியவர்களே உத்தரவிட்டார்கள். பத்ரில் கலந்துகொண்டவருக்கு என்ன நன்மையோ, கனீமத்தில் என்ன பங்கோ, அது உஸ்மானுக்கும் உண்டு என்றார்கள். புகாரியில் வரும் செய்தி இது. ருகையா (ரலி) பிழைக்கவில்லை. வெற்றிச் செய்தி மதீனா வந்து சேர்ந்தபோது அவர்களின் அடக்கம் நடந்துகொண்டிருந்தது. அதற்காக உஸ்மான் அவர்களின் பங்கு குறைக்கப்படவில்லை.

பத்ரை விடப் பெரிய வேலை நம்மில் யாருக்கு இருக்கிறது? உளுந்து அறுப்பு முடியட்டும் என்கிறோம். ஆஸ்பத்திரிக்கு அக்காவைக் கூட்டிக்கொண்டு போ என்கிறோம். தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகும் பெண் ஒரு நாள் கூலி போய்விடுமே என்று தானே தள்ளிப்போடுகிறாள். மார்பில் வரும் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்காததால் ஒரு வருஷம் ஓடிவிடுகிறது.

இதையெல்லாம் மிம்பரில் பேசலாமா என்று சிலருக்குத் தோன்றும். அன்ஸாரிப் பெண்கள் மார்க்கத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வெட்கத்தைத் தடையாக்கவில்லை என்று ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியிருக்கிறார்கள். ஆகவே சொல்கிறேன். மார்பில் கட்டி, காம்பு உள்ளிழுத்துக்கொள்வது, காம்பிலிருந்து ரத்தம் கசிவது, மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தப்போக்கு, தாம்பத்தியத்துக்குப் பின் ரத்தம், நாற்றமுள்ள வெள்ளைப்படுதல். இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே டாக்டரிடம் போக வேண்டும். எல்லாமே புற்றுநோய் ஆகிவிடாது, பார்த்தால்தான் தெரியும்.

பெண் டாக்டர் இருந்தால் அவரிடம் காட்டுங்கள். இல்லாத இடத்தில், தேவையான அளவுக்கு ஆண் டாக்டர் பார்ப்பதை நமது ஃபிக்ஹு அனுமதிக்கிறது. வெட்கத்துக்காக உயிரை விடச் சொல்லி மார்க்கம் எங்கும் சொல்லவில்லை.

30 வயது கடந்த பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பப்பை வாயையும் மார்பையும் இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, நிறம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். சில நிமிட வேலை. இதே தமிழ்நாட்டில், திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில், பயிற்சி பெற்ற நர்ஸுகளை வைத்து இந்தச் சோதனையைப் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். முடிவு 2007ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் இறப்பது 35 சதவீதம் குறைந்திருந்தது. நம்மைப் போன்ற விவசாயக் கூலிப் பெண்கள் நிறைந்த ஊர்கள்தான் அவை.

தாய்மார்களே, கவ்லா (ரலி) அவர்களை நினைவில் வையுங்கள். கணவர் தம்மைத் தாயோடு ஒப்பிட்டு ஒதுக்கியபோது நபியவர்களிடம் வந்து முறையிட்டார்கள். முதலில் கிடைத்த பதிலோடு திரும்பிப் போகவில்லை. திரும்பத் திரும்ப எடுத்துச் சொன்னார்கள். அவர்களுக்காக 'அல் முஜாதலா' என்ற 58வது சூராவின் வசனங்கள் இறங்கின. அல்லாஹ்வின் தூதரிடமே விடாமல் பேச ஒரு பெண்ணுக்கு இடம் இருந்தது என்றால், டாக்டரிடம் கேட்க உங்களுக்கு என்ன தயக்கம்? "கட்டி கரையவில்லை, வேறு டெஸ்ட் எடுங்கள்" என்று சொல்லுங்கள். ரிப்போர்ட்டுகளை ஒரு பையில் போட்டு நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்துக்குப் பயப்படுகிறவர்கள் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையை எடுத்து வையுங்கள். புற்றுநோய் சிகிச்சையும் அதில் சேரும். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் ரயிலில் கட்டணச் சலுகை உண்டு, ஆஸ்பத்திரிச் சான்று வேண்டும். மணியாச்சி ஜங்ஷன்காரர்களுக்கு நெல்லையும் தூத்துக்குடியும் எட்டாத தூரமா? அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போக முத்துநகர் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954ல் தொடங்கிய மருத்துவமனை அது.

நோய் விசாரிக்கப் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "என்ன பாவம் செய்தாளோ" என்ற பேச்சை வாசலிலேயே விட்டுவிட்டுப் போங்கள். அய்யூப் (அலை) அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? யாரோ அந்த நோயில் இறந்த கதையை அவள் முன்னால் எடுக்காதீர்கள். கீமோவில் முடி கொட்டியிருந்தால் உற்றுப் பார்க்காதீர்கள். ஒரு வேளைச் சோறு ஆக்கிக் கொடுங்கள், பிள்ளைகளை மதரஸாவுக்குக் கூட்டிப் போங்கள். அவள் அழுதால் அழ விடுங்கள். மகன் இப்ராஹீம் மரணத் தறுவாயில் இருந்தபோது நபியவர்களும் கண்ணீர் விட்டார்கள்; அது பொறுமைக்கு எதிரானதல்ல. உட்கார்ந்து தொழவும், முடியாவிட்டால் படுத்துத் தொழவும், நோன்பை விடவும் அவளுக்கு அனுமதி இருப்பதை அன்போடு எடுத்துச் சொல்லுங்கள்.

ஜும்ஆ முடிந்ததும் வீட்டில் கேளுங்கள்: "உடம்புக்கு ஏதாவது செய்கிறதா? திங்கட்கிழமை நான் கூட வருகிறேன்."

யா அல்லாஹ், நோயுற்றிருக்கும் எங்கள் தாய்மார்களுக்கும் சகோதரிகளுக்கும் பூரண ஷிஃபாவைத் தருவாயாக. ஆமீன்.