உருகும் பனிக்கு உரியவர் யார்?

திருத்தணி யாருக்கு என்று சட்டம் தீர்த்துவைத்த மாதமும், அண்டார்க்டிகா யாருக்கு என்ற வழக்கை உலகம் நிறுத்திவைத்த மாதமும் ஒன்றே: 1959 டிசம்பர். முதல் தேதி வாஷிங்டனில் அண்டார்க்டிகா ஒப்பந்தத்தில் 12 நாடுகள் கையெழுத்திட்டன. அவற்றில் 7 நாடுகள் பனிக்கண்டத்தில் கோரியிருந்த பாத்தியதை அப்படியே நின்றது. அம்மாதக் கடைசியில் ஆந்திர - சென்னை எல்லை மாற்றச் சட்டம் வந்தது. அடுத்த ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது.

ம.பொ.சி. சிறை சென்று போராடிய திருத்தணி வழக்கில், எல்லை நடுவர் பட்டாஸ்கர் கிராமத்தை அலகாக எடுத்து, அங்கே பெரும்பான்மையோர் பேசும் மொழியைப் பார்த்தார். தணிகைமலை இந்தப் பக்கம், திருமலை அந்தப் பக்கம் என்றானதில் மனக்குறை உண்டு. என்றாலும் குடியிருப்போரை வைத்தே கோடு போடப்பட்டது. குடிகளே இல்லாத அண்டார்க்டிகாவில் அந்த அளவுகோல் செல்லாது. 1991 மாட்ரிட் உடன்படிக்கை அங்கே சுரங்கத்தொழிலையே தடுத்தது, அதுவே நேர்மை.

வடதுருவப் பகுதி வேறு. அங்கே இனுயிட் மக்கள் வாழ்கிறார்கள். 2007இல் ரஷ்யா துருவக் கடலடியில் கொடி நட்டது. மறு ஆண்டு அமெரிக்கப் புவியியல் ஆய்வகம், உலகில் இன்னும் கண்டறியப்படாத எண்ணெயில் 13 சதவீதமும் எரிவாயுவில் 30 சதவீதமும் அங்கிருக்கலாம் என்று மதிப்பிட்டது. எண்ணெய் எரித்த புகையால் பனி உருகுகிறது. உருகிய இடத்தில் மேலும் எண்ணெய் தோண்டப் போட்டி. தான் செய்த கேட்டிலிருந்தே லாபம் எடுப்பது எந்த நியாயத்தில் சேரும்? கிரீன்லாந்தின் நிலப்பனி கரைந்தால் உயரும் கடல், திருத்தணி இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தின் பழவேற்காட்டுக் கரையையும் தொடும். அங்கே வலை வீசுபவருக்கு வடக்கின் எண்ணெய் பற்றிய பேச்சில் இடமே இல்லை. ஆகவே குடியிருப்போரோடு இழப்போரையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கிரீன்லாந்து மக்களை ஏழைகளாகவே இருக்கச் சொல்வதா என்ற எதிர்வாதம் கனமானது. 2009இல் கனிம உரிமையைப் பெற்ற அவர்களே, 2021இல் புதிய எண்ணெய்த் தேடலுக்கு உரிமம் தருவதை நிறுத்தினார்கள். அந்தத் துறப்பின் செலவை, எரித்துச் செல்வம் சேர்த்த நாடுகள் ஏற்பதே முறை.

இந்தியாவுக்கும் இதில் பொறுப்பு உண்டு. 2022இல் இயற்றிய அண்டார்க்டிக் சட்டம் அங்கே கனிமம் தோண்டுவதைத் தடுக்கிறது. அதே ஆண்டு வந்த ஆர்க்டிக் கொள்கையோ வடக்கின் கனிம வாய்ப்புகளைத் தேடச் சொல்கிறது; சைபீரியாவின் வாங்கோர் எண்ணெய் வயலில் அரசு நிறுவனத்துக்கு ஏற்கெனவே 26 சதவீதப் பங்கு. தெற்கில் ஏற்றுக்கொண்ட கட்டுப்பாட்டை வடக்கிலும் ஏற்கச் சொல்லி, பழவேற்காட்டின் பெயரால் நாடாளுமன்றத்தில் கேட்கலாம்.