அறிவார் அவையை நாடுக



மருதமுனையிலுள்ள நம் இஸ்லாமிய அயலவராகிய நெசவாளர், ஆடையை விரலால் தொட்டே இழையின் நெருக்கத்தைச் சொல்வர். யாமோ சாயத்தின் பகட்டைக் கண்டு மயங்குவோம். கல்விக்கும் கலைக்கும் இதுவே முறை. புகழ்தல் எவர்க்கும் எளிது. தகுதி உரைத்தல் அதனுட் பயின்றார்க்கே உரியது.

திருஞானசம்பந்தப் பிள்ளையார் தருமபுரத்துக்கு எழுந்தருளிய காலத்து, திருநீலகண்ட யாழ்ப்பாணரின் சுற்றத்தார், பாணர் யாழில் இட்டு வாசித்தலாலேயே பதிகங்கள் சிறப்பெய்தின என்றனர். அச்சொற் கேட்டுப் பாணர் நடுங்கினார். யாழின் எல்லையை அவரன்றோ அறிவார்! கருவியில் அடங்காத இசை இஃதென உலகம் உணருமாறு பாடியருள வேண்டினார், யாழ்முரி பிறந்தது. தம் புகழ் குறையினும் உண்மையே உரைப்பவன் தேர்ந்த அறிவினன்.

அவ்யாழின் உண்மையை ஆராய்ந்த பெரியார் நமது கடற்கரையிலேயே தோன்றினர். 1892ஆம் ஆண்டு காரைதீவிற் பிறந்து, கல்முனை மிஷன் பாடசாலையிற் பயின்ற விபுலாநந்த அடிகள், சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைக் கணித நெறியால் ஆராய்ந்து, வழக்கொழிந்த யாழின் இலக்கணத்தை வகுத்தனர். அண்ணாமலையிலும் இலங்கையிலும் பல்கலைக்கழகப் பேராசிரியராய் விளங்கிய அவர், தம் பெயரே போதுமென எண்ணினாரல்லர். 1947ஆம் ஆண்டு ஜூன் மாதம், சம்பந்தர் பாடல்பெற்ற திருக்கொள்ளம்பூதூரில், அறிஞர் கூடிய அவையில் யாழ்நூலை அரங்கேற்றினர். மறுமாதமே இறைவனடி சேர்ந்தனர்.

எம் பிழையொன்றையும் மறையாது கூறுவோம். ஒரு குருபூசை நாளில் தேவாரப் போட்டிக்கு நடுவராய் அமர்ந்தோம். மிஷன் பாடசாலையிற் கற்ற எமக்குப் பண் தெரியாது. அதனைச் சொல்ல நாணினோம். உரத்த குரலுக்கே பரிசளித்தோம். சபை ஆரவாரித்தது. பின்வரிசையிலிருந்த, பண்ணிசை பயின்ற முதியவர், "மெல்லப் பாடிய சிறுமி ஒருத்தியே பண் வழுவாது பாடினாள்" என்றார். அவரை முன்னரே கேட்டிலோம். அச்சிறுமி மறுவருடம் போட்டிக்கு வந்திலள்.

ஆசிரியர்காள்! அறியாததை அறியோம் என்றல் இழிவன்று. பரிசு வழங்குமுன் அறிந்தாரை அழைத்து முன்னிருத்துக. தீர்ப்பின் காரணத்தை மாணவர் கேட்க அவர் விளக்குமாறு வேண்டுக. கேட்கக் கேட்கச் செவி தேறும். இன்று கேட்பவர் நாளை அறிவார் அவையில் தாமே அமர்வர். அதுகாறும் எம் நாணத்தால் ஒரு குழந்தையின் குரலும் அடங்காதிருக்க எல்லாம்வல்ல சிவபெருமான் திருவருள் புரிக!

திருச்சிற்றம்பலம்.