நாளை வரக்கூடிய நோய்க்கு இன்றே நோயாளியா?



 

சில வாரங்களுக்கு முன் அஸர் தொழுகை முடிந்து எல்லோரும் போன பிறகு, வெளியூர்க்காரர் ஒருவர் ஒரு மருத்துவமனை உறையோடு வந்து உட்கார்ந்தார். அவருடைய அனுமதியோடுதான், ஆள் யாரென்று தெரியாதபடி, இதைச் சொல்கிறேன். அவர் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் வந்து, சிகிச்சை முடிந்து, இப்போது நலமாக இருக்கிறார். அந்தச் சமயத்தில் மருத்துவர் அவருடைய மரபணுவைப் பரிசோதித்தார். பிஆர்சிஏ ஒன்று என்ற மரபணுவில் ஒரு கோளாறு இருப்பது தெரிந்தது. மகளுக்கும் பரிசோதித்துவிடுவது நல்லது என்றார்கள். மகளுக்கும் அதே கோளாறு இருக்கிறது. 24 வயது, ஒரு காய்ச்சல் தலைவலிகூட இல்லாத பிள்ளை. சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

"ஹஜ்ரத், என் மக நோயாளியா, இல்லையா? மாப்பிள்ளை வீட்டுக்கு நான் என்ன சொல்றது?" என்று கேட்டார்.

மருத்துவர் சொல்லவேண்டிய பதிலை என்னிடம் கேட்கிறாரே என்றுதான் முதலில் தோன்றியது. யோசித்துப் பார்த்தால், மருத்துவர் தம் பங்கைச் சொல்லி முடித்துவிட்டார். ஆரோக்கியம் என்றால் என்ன என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி.

முதலில் இந்த மருத்துவத்தைப் பற்றிக் கொஞ்சம். இதைத் தனிநபருக்கேற்ற மருத்துவம் என்கிறார்கள். ஒரே நோய்க்கு எல்லோருக்கும் ஒரே மாத்திரை என்றில்லாமல், உங்கள் உடம்புக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று மரபணுவைப் பார்த்து முடிவு செய்வது. வலிப்பு நோய்க்குக் கார்பமாசெபைன் என்றொரு மாத்திரை உண்டு. பெரும்பாலானவர்களுக்கு நல்ல மருந்து. ஆனால் வெகு சிலருக்கு அதைச் சாப்பிட்டால் உடம்பெல்லாம் கொப்பளித்துத் தோல் உரிந்துவிடும், உயிரே போகலாம். இது யாருக்கு வரும் என்பதை ஒரு குறிப்பிட்ட மரபணு வகையை வைத்து முன்கூட்டியே கணிக்கலாம் என்று 2004இல் தைவான் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். சிங்கப்பூரில் 2013 முதல், ஆசிய வம்சாவளியினருக்கு இந்த மருந்தைப் புதிதாகத் தொடங்கும் முன் அந்தப் பரிசோதனையைச் செய்வது நடைமுறையாகிவிட்டது. ஒரு சொட்டு இரத்தம் ஓர் உயிரைக் காப்பாற்றுகிறது. இதில் மார்க்கத்துக்கு மாறாக என்ன இருக்கிறது?

சொல்லப்போனால் ஆளைப் பார்த்துத் தீர்ப்பளிப்பது நமக்குப் புதிதல்ல. இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு மூல நோய் இருந்தது. தொழுகையைப் பற்றிக் கேட்டபோது, நின்று தொழச் சொல்லி, முடியாவிட்டால் உட்கார்ந்து, அதற்கும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்துத் தொழச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். இன்னொரு சம்பவம் அபூதாவூதில் வருகிறது. பயணத்தில் ஒருவருக்குத் தலையில் கல் பட்டுக் காயம். அவருக்குக் குளிப்புக் கடமையாகிவிட்டது. தயம்மும் செய்துகொள்ள எனக்குச் சலுகை உண்டா என்று கூட வந்தவர்களைக் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி கேட்ட நபி (ஸல்) அவர்கள், அவரை இவர்கள்தான் கொன்றுவிட்டார்கள் என்று கடுமையாகக் கண்டித்தார்கள். பொதுச் சட்டம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எதிரே நின்றவரின் காயம்தான் கண்ணில் படவில்லை. அரபிக் கல்லூரியில் இந்த ஹதீஸைப் படித்த நாளில், ஃபத்வா சொல்லும் வேலையே வேண்டாம் என்று நான் பயந்தது உண்டு.

நம் யூனானி ஹகீம்கள் இன்றைக்கும் நாடி பிடித்து மிஸாஜ் பார்க்கிறார்களே, அதுவும் இந்த வழிதான். ஒவ்வொரு மனிதருக்கும் அவருக்கே உரிய மிஸாஜ் உண்டு என்று 1037இல் வஃபாத்தான இப்னு ஸீனா தம்முடைய அல்கானூனில் எழுதியிருக்கிறார். ஆக, மருந்தை ஆளுக்கேற்ப மாற்றுவதில் நமக்குத் தயக்கம் வேண்டியதில்லை.

என் தயக்கம் வேறொன்றில். இதே மருத்துவம், நோயே இல்லாதவரிடமும் ஓர் எண்ணைக் கொடுத்து அனுப்புகிறது. பிஆர்சிஏ ஒன்றில் இத்தகைய கோளாறு உள்ள பெண்கள் நூறு பேரில், 60 பேருக்கு மேல் வாழ்நாளில் என்றாவது மார்பகப் புற்றுநோய் வரலாம் என்கிறார்கள். பெரிய எண்தான். ஆனாலும் மீதிப் பேருக்கு வராது என்பதும் அதே எண்ணுக்குள் இருக்கிறது. உலகில் சேர்த்த மரபணுத் தகவல்களில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது என்பதையும் நினைவில் வையுங்கள். நம் நாட்டில் 10,000 பேரின் மரபணுத் தொகுதியைச் சேகரித்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தகவல்களே 2025இல்தான் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. (நம் மஹல்லாவில் சர்க்கரைப் பரிசோதனையையே மூன்று மாதம் தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது தனிக் கதை.)

அதற்காக, எல்லாம் தக்தீர், அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடுங்கள் என்று சொல்ல மாட்டேன். ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் என்று கேள்விப்பட்டு உமர் (ரலி) அவர்கள் பாதி வழியில் திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) கேட்டபோது, அவனுடைய ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்குத்தான் போகிறேன் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். இந்தப் பெண்ணுக்கும் அப்படி ஒரு வழி இருக்கிறது. 25 வயதிலிருந்து ஆண்டுதோறும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், ஏதேனும் வந்தாலும் ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாம். கையில் ஒரு வேலையைக் கொடுக்கும் அறிவு அது. ஹன்டிங்டன் என்ற நரம்பு நோயின் நிலை வேறு. பரிசோதனை உண்டு, குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. அந்தக் குடும்பங்களில் பலர் பரிசோதித்துக்கொள்வதில்லை. அவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

வலிப்பு மாத்திரையைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? நபி (ஸல்) அவர்களிடமும் வலிப்பு நோயுள்ள ஒரு கறுப்பினப் பெண் வந்தார். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸ். பொறுமையாக இருந்தால் சொர்க்கம், விரும்பினால் குணமாக துஆச் செய்கிறேன் என்று இரண்டையும் அவர் முன்னால் வைத்தார்கள். முடிவை அவரிடமே விட்டார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்துகொண்டு, ஒன்றே ஒன்று கேட்டார்: விழும்போது என் ஆடை விலகிவிடுகிறது, அப்படி விலகாமலிருக்க துஆச் செய்யுங்கள்.

அந்தப் பெண்ணின் மரபணுவை முழுக்கப் படித்திருந்தாலும் இது அதில் இருந்திருக்காது. நோயைவிட அவரை வாட்டியது மானம். அதை அவரிடம் கேட்டால்தான் தெரியும். 'உங்களுக்கேயான சிகிச்சை' என்று விளம்பரம் செய்கிறவர்கள் நம்முடைய அணுவணுவைப் படிக்கிறார்கள். நமக்கு எதில் பயம், எது இல்லாமல் வாழ முடியாது என்று எத்தனை பேர் கேட்கிறார்கள்?

சரி, அந்தத் தகப்பனாரிடம் என்ன சொன்னேன்? ஃபிக்ஹில் இருந்தே தொடங்கினேன். வரும் ரமளானில் இந்த ரிப்போர்ட்டைக் காட்டி உங்கள் மகள் ஒரு நோன்பையாவது விட முடியுமா? முடியாது. நோன்பால் உடம்புக்குக் கெடுதல் வரும் நிலையில் இருப்பவருக்கே அந்தச் சலுகை. இருபது வருடம் கழித்து வரலாம் என்பது நோய் ஆகாது. மார்க்கத்தின் பார்வையில் அவள் ஆரோக்கியமானவள். அந்த ஆரோக்கியத்துக்குத்தான் நாளை அவளிடம் கேள்வி கணக்கு. வராத நோய்க்காக அதை இன்றே அவளிடமிருந்து பிடுங்க நமக்கு உரிமை கிடையாது.

மாப்பிள்ளை வீட்டு விஷயம் இவ்வளவு எளிதல்ல. நிகாஹை முறிக்கக் காரணமாக நம் இமாம்கள் எண்ணிய குறைகள் எல்லாம் இப்போதே இருக்கும் குறைகள். இது அதில் சேராது என்பது என் கருத்து. வேறு ஆலிம்கள் மாற்றிச் சொல்லலாம். ஆனாலும் வருடா வருடம் ஸ்கேனுக்குக் கூடப் போகப்போகிறவர் அந்த மனிதர். பிள்ளைகள் ஒவ்வொன்றுக்கும் இந்தக் கோளாறு போய்ச்சேர சரிபாதி வாய்ப்பு. அதனால் நிகாஹுக்கு முன் மாப்பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள், அவரிடம் மட்டும். சித்தப்பா பெரியப்பா வரைக்கும் போக வேண்டாம். மறுத்தாலும் வெளியே சொல்லாமலிருப்பது அவர் மீது அமானிதம். எப்போது, எப்படிச் சொல்வது என்பதை உங்கள் மகளே முடிவு செய்யட்டும் என்றேன். இதுவரை அவளை யாரும் கேட்கவில்லை என்று தெரிந்தது.

எழுந்து போகும்போது, "ஆண் பிள்ளைகள் இருக்கிறார்களா?" என்று கேட்டேன். இருவர் இருக்கிறார்கள். பரிசோதித்தீர்களா என்றதும் விழித்தார். இது பெண்களுக்கு வருவதுதானே என்றார். ஆண் மூலமாகவும் இது அடுத்த தலைமுறைக்குப் போகும், ஆணுக்கே சில புற்றுநோய்கள் வரும் வாய்ப்பும் கூடும். மருத்துவமனையில் சொல்லியிருப்பார்கள், காதில் விழவில்லை. மூத்தவருக்கு நிகாஹ் முடிந்து ஒரு பெண் குழந்தையும் இருக்கிறதாம். மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்வதா வேண்டாமா என்று தூக்கமில்லாமல் இருந்தவருக்கு, வீட்டிலிருக்கும் மருமகளிடம் சொல்ல வேண்டுமே என்று அதுவரை தோன்றவே இல்லை.

அந்த வீட்டில் உள்ள அனைவருக்கும், நம் எல்லோருக்கும் அல்லாஹ் ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன்.