ஒரு பகல் வாழும் கள்

திருகோணமலையைப் பிரெஞ்சுக்காரர் அதிக காலம் வைத்திருக்கவில்லை. 1782 ஆகஸ்ட் முடிவில் சஃப்ரன் என்ற கடற்படைத் தளபதி ஆங்கிலேயரிடமிருந்து கோட்டைகளைப் பிடித்தார். செப்டம்பர் 3 ஆம் திகதி வெளிக்கடலில் பெரும் கப்பற்போர் நடந்தது. சமாதானம் வந்ததும் துறைமுகம் ஒல்லாந்தரிடம் திரும்பிப் போயிற்று. அந்தக் கப்பற்போருக்கு ஐந்து வருடம் கழித்து, 1787 இல், தோமஸ் ஜெபர்சன் பிரான்சின் போர்தோவுக்குப் போய், அங்குள்ள தலைசிறந்த நான்கு திராட்சைத் தோட்டங்களின் பெயர்களைக் குறித்து வைத்தார். அதில் ஒன்று ஷாத்தோ மார்கோ. அது கெட்டு மீண்ட கதையை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் திருகோணமலைக்கு அருகேயுள்ள சம்பூர்ப் பக்கத்துப் பனைகள் மனதில் வருகின்றன.

*

19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிலொக்செரா என்ற வேர்ப்பூச்சி பிரான்சின் கொடிகளை அழித்தது. அமெரிக்கக் கொடியின் வேர்மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டித்தான் தோட்டங்களைக் காப்பாற்றினார்கள். அடுத்த பெரிய அடி 1970களின் வைன் வியாபாரச் சரிவு. மார்கோவை வைத்திருந்த ஜினெஸ்தே குடும்பம் தளர்ந்தது. அமெரிக்கக் கம்பனியொன்று வாங்க வந்தபோது பிரெஞ்சு அரசு மறித்தது. நாட்டின் சொத்து வெளியே போகக்கூடாது என்றது. 1977 இல் கிரேக்கத்தில் பிறந்த அந்திரே மென்ட்சலோபுலோஸ் வாங்கினார். வடிகால்களைச் சீராக்கினார், கொடிகளை மீள நட்டார், எமில் பெய்னோ என்ற வைன் அறிஞரை ஆலோசனைக்கு அழைத்தார். 1978 அறுவடையிலேயே பழைய பெயர் திரும்பத் தொடங்கிவிட்டது. 1980 இல் அவர் இறக்க, மகள் கொரின் பொறுப்பேற்றார்.

இவ்வளவு விரைவாக எப்படி முடிந்தது? பணம் ஒரு காரணம். அதைவிட, நிலவறைகளில் பழைய ஆண்டுகளின் போத்தல்கள் கிடந்தன. மார்கோ எப்படி இருக்க வேண்டும் என்பதை நாக்கில் வைத்தே அறியலாம்.

*

கள்ளுக்கு நிலவறை இல்லை. காலையில் இறக்கியது மாலைக்குள் புளித்துப்போகும். சென்ற வருடத்துக் கள்ளை எவரும் எடுத்துக் காட்ட முடியாது. அதன் தரம் முழுவதும் சீவுகிறவரின் கையில் இருக்கிறது: தளைநார் போட்டு ஏறுவது, பாளையைத் தட்டிப் பதப்படுத்துவது, நாள்தோறும் மெல்லிய சீவல் எடுப்பது, முட்டி கட்டுவது. முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் கருப்பணி, பூசாவிட்டால் கள். எந்த மரம் எப்போது சுரக்கும், எந்தப் பாளை எத்தனை சீவல் தாங்கும் என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஒரு தலைமுறை ஏறாமல் விட்டால் அறிவே போய்விடும்.

போத்தலில் அடைத்த பனங்கள் இப்போது கடல் கடந்தும் போகிறது. அதை நான் வரவேற்கிறேன். ஆனால் அந்தச் சுவை பனையோலைப் பிளாவில் குடித்த கள்ளின் சுவை அல்ல.

*

மார்கோ கைமாறியதற்கு அடுத்த வருடம், 1978 இல், இலங்கையில் பனை அபிவிருத்திச் சபை உருவானது. நல்ல தொடக்கம். சில வருடத்தில் போர் வந்தது. ஷெல் விழுந்து தலையற்று நின்றவை, பதுங்கு குழிக்குத் தறிக்கப்பட்டவை என்று வடக்குக் கிழக்கில் எண்ணற்ற பனைகள் போயின. 2006 இல் சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அவர்களில் பலருக்குக் காணி திரும்பக் கிடைக்க 2015, 2016 ஆகிவிட்டது. அப்போது நட்ட பனங்கொட்டை இன்னும் வடலிதான். பாளை விட 2030 தாண்டக்கூடும்.

சீவல் தொழிலைச் செய்தவர்களைச் சாதி சொல்லி ஒதுக்கிய சமூகம் இது. அவர்களின் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போனது நியாயம். திரும்பி வந்து ஏறுங்கள் என்று கேட்க எவருக்கும் உரிமையில்லை. போர்தோவில் வைன் செய்கிறவருக்குக் கிடைக்கும் மதிப்பும், குடும்பம் நடத்தப் போதிய வருமானமும், விழுந்தால் காக்கக் காப்புறுதியும் இங்கே ஏறுகிறவருக்குக் கிடைக்கட்டும். அப்போது எந்தச் சாதியில் பிறந்தவரும் விரும்பிக் கற்க வரலாம். கற்றுக்கொடுக்கக்கூடிய வயதானவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வடலி வளரும்வரை அவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.