கேள்விக்கும் ஒரு பாடு உண்டு

தொழில்முறைக் கால்பந்துக் கழகத்தின் ஊடகத் தொடர்புப் பிரிவு என்பது, கழகத்துக்கும் செய்தியாளர்களுக்கும் நடுவே நின்று, யார் யாரிடம் எப்போது பேசுவது, எந்தத் தகவல் எந்த நேரத்தில் வெளிவருவது என்பதை ஒழுங்கு செய்யும் அலுவலகமாகும். ஒரு கழகம் மேல்நிலைப் போட்டிகளில் ஆடப் பெற வேண்டிய தகுதிச் சான்றைக் கழக உரிமம் என்பர். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் அந்த உரிமத்துக்கான விதிகள் ஊடக அலுவலர் ஒருவர் இருந்தாக வேண்டும் என்கின்றன. அவருக்குக் கீழே, சிறு உதவித்தொகையிலோ அதுவும் இல்லாமலோ, சில மாதங்கள் இருந்து வேலை கற்கும் இளைஞரே பயிலுநர், பேச்சுவழக்கில் இன்டர்ன். அவர் எழுதும் அறிக்கையில் அவர் பெயர் இருக்காது. அவர் ஏற்பாடு செய்த பேட்டியில் அவர் முகம் தெரியாது. தன் பெயர் எங்கும் வராத ஒரு வேலையில், பிறருடைய சொல்லை வாங்கிப் பிறரிடம் சேர்க்கும் ஒருவர் யாருக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்னும் கேள்வி, இந்தச் சிறிய பதவிக்குள் மறைந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் இவ்வேலைக்கு நன்கு அறியப்பட்ட களம் சென்னையின் எஃப்சி. 2014 இல் எட்டு அணிகளோடு தொடங்கிய இந்தியன் சூப்பர் லீகில் முதல் பருவத்திலிருந்தே ஆடிய இக்கழகம், 2015 இலும் 2017-18 பருவத்திலும் கோப்பையை வென்றது. அதன் சொந்த மைதானமான நேரு விளையாட்டரங்கம் பெரியமேட்டில், சென்ட்ரல் நிலையத்திலிருந்து நடந்தே போகும் தொலைவில் இருக்கிறது. அதே நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டிப் பாதையில் புறநகர் ரயில் ஏறி, பொன்னேரியில் இறங்கிப் பேருந்து மாறினால் பழவேற்காடு வந்துவிடும். சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான இதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்க, தென்பகுதி மட்டும் திருவள்ளூர் மாவட்டத்துக்குள் வருகிறது. ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து பார்க்கும் ஓர் இளைஞருக்கு மைதானத்தின் ஊடக அறை எட்டாத உலகமாகத் தோன்றலாம். எனினும் அந்த அறையில் நடக்கும் வேலையின் சாரத்தை இந்தக் கரை பல தலைமுறைகளாக அறிந்தே வைத்திருக்கிறது.

ஆட்ட நாளன்று பயிலுநர் செய்யும் வேலையைச் சற்று அருகிலிருந்து பார்க்க வேண்டும். ஆட்டம் தொடங்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருக்கும்போது, களமிறங்கும் பதினொருவர், மாற்று வீரர்கள் ஆகியோரின் பெயர்களும் சட்டை எண்களும் கொண்ட அணிப் பட்டியல் வெளியாகிறது. அதில் ஓர் எண் மாறினாலும் வர்ணனையாளர் தவறாகச் சொல்வார், மறுநாள் நாளிதழ் தவறாக அச்சிடும், கோல் அடித்தவரின் வீட்டில் அந்தத் தவறு வெட்டி ஒட்டி வைக்கப்படும். ஆட்டம் முடிந்ததும் ஒளிபரப்பு நிறுவனத்துக்கு உரிய சிறு பேட்டி களத்தின் ஓரத்திலேயே நடக்கிறது. அடுத்துத் தலைமைப் பயிற்சியாளரின் செய்தியாளர் சந்திப்பு. அதன் பின், உடைமாற்றும் அறையிலிருந்து பேருந்துக்குச் செல்லும் வழியில் தடுப்புக்கு அப்பால் செய்தியாளர்கள் நின்று வீரர்களை அழைத்துப் பேசும் 'மிக்ஸ்ட் ஸோன்' என்னும் பகுதி. இவை முடிந்து விளக்குகள் அணையும் நேரத்தில், சந்திப்பின் ஒலிப்பதிவைக் காதில் மாட்டிக்கொண்டு, இத்தாலியரோ ஸ்காட்லாந்துக்காரரோ ஆன பயிற்சியாளரின் உச்சரிப்பை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, சொல்லுக்குச் சொல் எழுத்தாக்க வேண்டியவர் பெரும்பாலும் பயிலுநர்தான். நடுவரைப் பற்றிக் கோபத்தில் வந்த ஒரு வாக்கியத்தைக் கொஞ்சம் தணித்து எழுதிவிடலாமே என்ற எண்ணம் அந்த நேரத்தில்தான் எழும். எழுதினால் கழகத்துக்கு அன்றிரவு நிம்மதி. ஆனால் அறையில் இருந்த செய்தியாளர்கள் அனைவரும் அதைக் கேட்டவர்கள், அடுத்த முறை அந்தத் தாளை அவர்கள் நம்பமாட்டார்கள்.

பயிற்சியாளருக்கு இருப்பது பதினைந்து நிமிடம், அறையில் இருப்பவர்களோ பலர். தொலைக்காட்சி, ஆங்கில நாளிதழ், தமிழ் நாளிதழ், வியாசர்பாடியிலிருந்து கைப்பேசியோடு வந்து யூடியூப் சேனல் நடத்தும் இளைஞர் எனக் கைகள் உயர்கின்றன. ஒலிவாங்கி எந்தக் கைக்கு முதலில் போகிறது என்பது ஒரு பங்கீடு. சுருங்கிய ஒன்றைப் பலருக்கு நியாயமாகப் பிரித்துத் தரும் அந்தப் பொறுப்பைப் பழவேற்காட்டு மீனவர்களின் 'பாடு' முறையோடு ஒப்பிடலாம்.

ஏரியும் கடலும் சேரும் முகத்துவாரத்தை ஒட்டிய நீர்ப்பரப்பில் இறால் மிகுதியாகக் கிடைக்கும் இடங்கள் சிலவே. அங்கே கழி நட்டுச் சுத்துவலை கட்டும் உரிமையைக் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் மரபாகத் தமக்குள் பகிர்ந்து வந்துள்ளன. இந்த உரிமையும் அது செல்லும் இடமும் பாடு எனப்படும். இன்று எந்த ஊர், அந்த ஊரில் எந்தக் குழு, அந்தக் குழுவுக்கு எந்த இடம் என்பதைக் குலுக்கலும் சுழற்சியும் தீர்மானிக்கின்றன. வலிமையுள்ளவரோ முந்தி வந்தவரோ நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்ள முடியாது. குலுக்கல் ஊரார் கண்முன் நடப்பதாலும், இன்று யாருடைய முறை என்பது எல்லாருக்கும் தெரிந்திருப்பதாலுமே தோற்றவரும் அதை ஏற்றுக்கொள்கிறார். ஊடக அறையின் நியாயமும் இதே இடத்தில்தான் நிற்கிறது. வசதியான கேள்வி கேட்பவருக்கே ஒலிவாங்கி தொடர்ந்து போனால் மற்றவர்கள் கேட்பதை நிறுத்திவிட்டு ஊகிக்கத் தொடங்குவார்கள். ஊகம் பரவிய பின் கழகம் எவ்வளவு உண்மை சொன்னாலும் அது மறுப்பறிக்கையாக மட்டுமே படிக்கப்படும்.

ஆயினும் பாடு முறையைக் குறையற்றதாகக் காட்டுவது நேர்மையாகாது. முறை, பட்டியலில் இருப்பவர்களுக்கே நியாயமானது. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களும், பிற்காலத்தில் மீன்பிடித் தொழிலுக்கு வந்த பிற சமூகத்தாரும் அதற்கு வெளியிலேயே நின்றனர். ஏரியில் மூண்ட பூசல்கள் பலவற்றுக்கு இது காரணம். ஊடக அறைக்கும் ஒரு பட்டியல் உண்டு. அங்கீகார அட்டை என்று சொல்லப்படும் அனுமதிச் சீட்டு யாருக்கு என்பதை முடிவு செய்யும் மேசையில்தான் பயிலுநர் விண்ணப்பங்களை அடுக்குகிறார். பெரிய நிறுவனத்தின் பெயர் இல்லாத விண்ணப்பத்தை அடியில் தள்ளுவது எளிது, யாரும் காரணம் கேட்கப்போவதில்லை. வடசென்னையின் தெருக்களில் கால்பந்தை வளர்த்தவர்களைப் பற்றித் தொடர்ந்து எழுதிவரும் சிறு வெளியீடு அந்த அடுக்கின் அடியில் கிடக்கக்கூடும். அதை மேலே எடுத்து அலுவலரிடம் இரண்டு வரி எடுத்துச் சொல்வதற்குப் பயிலுநருக்கு எந்த அதிகாரமும் தேவையில்லை.

இன்னொரு கடினமான இடம், வீரரைப் பற்றிய கதையை எழுதுவது. கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர்க் கரையில் இரவிபுத்தன்துறை, சின்னத்துறை போன்ற மீனவ ஊர்கள் கால்பந்துக்குப் பெயர்போனவை. இரவிபுத்தன்துறையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி எஃப்சியில் ஆடி, அங்கிருந்து ஜாம்ஷெட்பூருக்கும் கொல்கத்தாவுக்கும் சென்று, 2019 இல் இந்திய அணியின் சட்டையையும் அணிந்தார். இத்தகைய வீரரைப் பற்றி எழுதும்போது மீனவர் மகன் என்ற தலைப்பு தானாக வந்து விழுகிறது. அதில் பொய் இல்லை. அந்த ஊர்களின் பெருமையும் அதில் இருக்கிறது. ஆனால் 2017 நவம்பர் 30 அன்று வீசிய ஒக்கிப் புயலில் இதே கரை எத்தனையோ பேரைக் கடலில் இழந்தது என்பதை அறிந்தவர், அந்தப் பின்னணியை ஒரு வீரரின் விளம்பரக் கதைக்கு அலங்காரமாக இடுவதற்குமுன் அவரிடமே கேட்க வேண்டும். இடது விளிம்பில் அவர் பந்தை எடுத்துச் செல்லும் விதத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல், தந்தையின் படகைப் பற்றி மூன்று பத்தி எழுதப்பட்டால், அங்கே ஆட்டக்காரர் காணாமல் போகிறார். வறுமையைச் சொல்லக்கூடாது என்பதில்லை. யாருடைய வறுமையோ அவருடைய சம்மதம் வேண்டும்.

பேச விரும்பாதவரின் உரிமையும் இத்தொழில் கற்க வேண்டிய ஒன்று. 2021 இல் பிரெஞ்சு ஓப்பன் டென்னிஸில் நவோமி ஒசாகா தம் மனநலத்தைக் காரணம் காட்டிச் செய்தியாளர் சந்திப்புகளுக்கு வர மறுத்தபோது அவருக்கு 15,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது, மறுநாள் அவர் போட்டியிலிருந்தே விலகினார். சந்திப்பு என்பது ஒப்பந்தக் கடமைதான்; ஆனால் கடமையை நிறைவேற்றும் நேரத்தையும் விதத்தையும் மனிதருக்கேற்ப அமைக்க ஓர் ஊடகப் பிரிவால் இயலும். கதவைத் திறப்பதைப்போலவே சில சமயம் மூடுவதும் உண்மையின் பக்கம் நிற்பதாகலாம். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் உயிரிழக்கக் காரணமான துயரம் நிகழ்ந்து நான்கு நாளில், 'தி சன்' இதழ் ரசிகர்கள் மீதே இழிவான பழிகளைச் சுமத்தி, அவற்றை உண்மை என்றே தலைப்பிட்டு வெளியிட்டது. அந்தத் துயரத்துக்கு ரசிகர்களின் நடத்தை காரணமல்ல என்று விசாரணை நடுவர் குழு தீர்ப்பளிக்க 2016 வரை ஆயிற்று. 2017 பிப்ரவரியில் லிவர்பூல் கழகம் அந்த இதழின் செய்தியாளர்களுக்குத் தன் மைதானத்தை மூடியது. விமர்சனத்துக்குப் பயந்து மூடும் கதவும் இறந்தவர்களின் பெயரைக் காக்க மூடும் கதவும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே வேலை செய்பவருக்கு வேறுபாடு தெரியும், தெரிந்தாக வேண்டும்.

ஏரிக்கரைக்குத் திரும்பினால், இத்தனை நுணுக்கங்களும் தொண்ணூறு நிமிட ஆட்டம் ஒன்றுக்காக உருவாகியிருக்க, குப்பங்களின் சொல்லை எடுத்துச் செல்ல இப்படி ஓர் அலுவலகம் இல்லை என்பது உறைக்கிறது. பழவேற்காடு செய்தியில் வருவது பூநாரைகள் இறங்கும்போதும், டச்சுக் கல்லறைகளைப் பற்றி யாரேனும் எழுதும்போதும், 2011 கிறிஸ்துமஸ் நாளில் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததுபோல் விபத்து நேரும்போதும்தான். அருகிலுள்ள காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் விரிவாக்கம் குறித்த பொது விசாரணை 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் ஒத்திவைக்கப்பட்ட வேளைகளில் செய்தியாளர்கள் வந்தார்கள், போனார்கள். முகத்துவாரம் மணலால் தூர்ந்து படகுகள் கடலுக்குப் போக முடியாமல் நிற்பதும், ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவூர்தி புறப்படும் நாள்களில் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று அறிவிக்கப்படுவதும் தொடர்ந்து நடப்பவை. தொடர்ந்து நடப்பதாலேயே அவை செய்தியாவதில்லை.

கழகத்தில் ஊடக வேலை கற்ற ஓர் இளைஞர் இந்த இடத்தில் பெரிதும் பயன்படுவார் என்பதில் ஐயமில்லை. தடங்கல் நேரும்போது தெளிவான அறிவிப்பு எவ்வளவு தேவை என்பதற்கு, 2015 டிசம்பர் வெள்ளத்தால் சென்னையின் எஃப்சி தன் 'சொந்த மைதான' அரையிறுதியைப் புணேயில் ஆட நேர்ந்ததும், 2025 ஜூலையில் அடுத்த பருவம் நிறுத்திவைக்கப்பட்டபோது வீரர்களும் ஊழியர்களும் நிச்சயமின்மையில் காத்திருந்ததும் சான்று. என்ன நடந்தது, எப்போது, யாரைப் பாதிக்கிறது, அடுத்த தகவல் எந்நாளில் என்று நான்கு வரியில் எழுதும் பழக்கம் வானத்திலிருந்து வருவதில்லை.

அந்தப் பழக்கத்தைக் கற்க யாரால் முடிகிறது என்பதுதான் தீராத சிக்கல். 1961 ஆம் ஆண்டின் பயிலுநர் சட்டம் பதிவு பெற்ற தொழிற்பயிலுநர்களுக்கு உதவித்தொகையை உறுதி செய்கிறது. இன்டர்ன் என்று அழைக்கப்படுபவர் பெரும்பாலும் அந்த வரம்புக்குள் வருவதில்லை. இரவு ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டம் முடிந்து, எழுத்தாக்கமும் அனுப்பி, சென்ட்ரலில் கடைசி ரயிலைப் பிடித்தாலும் பொன்னேரியிலிருந்து ஊருக்குப் பேருந்து கிடைக்குமா என்ற கவலை, நகரத்தில் வீடுள்ள பயிலுநருக்கு வருவதே இல்லை. ஊதியமில்லாத பயிற்சியைத் தாங்கக்கூடிய வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே ஊடக அறைக்குள் வந்தால், மீனவர் மகன் என்ற தலைப்பை எழுதும் மேசையில் மீனவர் மகளோ மகனோ ஒருநாளும் அமரப்போவதில்லை. ஆட்ட நாள்களில் தங்க ஓர் இடம், போக்குவரத்துச் செலவு, மாதத்துக்கு ஒரு நியாயமான தொகை ஆகியவற்றை ஒரு கழகத்தின் வரவுசெலவில் சேர்ப்பது பெரிய காரியமல்ல. சேர்த்துவிட்டு, அடுத்த விண்ணப்ப அறிவிப்பைத் தமிழிலும் எழுதிப் பொன்னேரிக் கல்லூரியின் பலகையில் ஒட்டினால் போதும், விண்ணப்பங்கள் வரும்.